கொர்தூலாளின் கடைசிப் பக்கம்

சேசு மரி சூசை
கன்னியர் மடம், புதுச்சேரி
9-6-1963

என் பவுனக்காவுக்கு,

தைலு எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நைனாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குவதைக் கொஞ்சமாவது குறைத்தாரா? நீயும் தையல் மிஷினை மிதித்து மிதித்துக் காலை வீங்கவைத்துக்கொள்ளாதே.

எனக்குச் சமையற்கட்டு வேலையோடு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. இங்கே சிஸ்டர் ஒதீல் என்று எண்பது வயதுப் பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். கண் போய்விட்டது. மத்தியானம் ஒரு மணி நேரம் அவருக்குப் புத்தகம் படித்துக் காட்ட வேண்டும். போர்டிங்கில் படித்த பிரெஞ்சு இப்போதுதான் உதவுகிறது. படித்தால் தூங்கிவிடுவார். நிறுத்தினால் விழித்துக்கொண்டு ஏன் நிறுத்தினாய் என்பார்.

அவருடைய அலமாரியில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. கொர்தூலாள் என்கிற அம்மாளின் சரித்திரமும் அவள் எழுதி வைத்ததும் அதில் இருக்கின்றன. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் குளிர் தேசத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஆட்டுக் கம்பளி அலசுகிறவன் மகள். கல்யாணமும் வேண்டாம், மடமும் வேண்டாம் என்று சொன்னவள். அவளைப் போலவே பத்துப் பெண்கள் ஒரே தெருவில் சின்னச் சின்ன வீடு கட்டி, உழைத்துச் சாப்பிட்டு ஜெபம் செய்துகொண்டு இருந்திருக்கிறார்கள். அங்கே அவளுக்கு ஆண்டவர் தரிசனம் கொடுத்தார். அதை அவள் கோயில் பாஷையான லத்தீனில் எழுதவில்லை. தெருவில் பேசுகிற பாஷையில் எழுதிவிட்டாள்.

புண்ணிய சரித்திரம்தானே, வீட்டுக்கு எழுதி அனுப்பு என்று மதர் உத்தரவு கொடுத்தார்கள். நாலு பக்கம் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்த இடம் இது: "என் வீட்டில் விளக்கு இல்லை என்று ஆண்டவருக்குத் தெரியும். தெரிந்தும் வந்தார். வந்தவர் விளக்கைக் கேட்கவில்லை, என் பெயரைக் கேட்டார்."

டிசம்பர் எட்டு, மாதா திருநாள் அன்று எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதற்குப் பிறகு சாகும்வரை நான் மடத்துக்காரி. நைனாவுக்கு இப்போதே சொல்லிவை.

உன் தங்கை,
தைலு


கல்லேரிமேடு, செஞ்சி
27-6-1963

அருமைத் தங்கை தைலுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் நைனாவும் நல்லபடியாக இருக்கிறோம். முதுகுவலி அவருக்குக் கூடவே பிறந்த தம்பி, அதைக் கேட்காதே. டிசம்பர் எட்டு என்று சொன்னதிலிருந்து மண்டியில் ஒருவரையும் விடுவதில்லை. "எம் பொண்ணு சாமிக்கு எழுதிக் குடுக்கப் போறா" என்று மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே சொல்கிறாராம்.

உன் நாலு பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மிஷினை மூடிவிட்டுப் படித்தேன். நம் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். களை வெட்டும் குஞ்சம்மாள் தெரியுமல்லவா, அவள் முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"இரு இரு. கம்பளி அலசுறவன் மவளா?"

"ஆமாம்."

"அப்ப நம்ம பக்கத்து ஆளுதான். படி."

பெயரைக் கேட்டார் என்ற இடம் எல்லோரையும் தைத்துவிட்டது. நமக்குப் பண்ணை வீட்டில் பெயர் ஏது? "ஏ பொண்ணே"தான். குஞ்சம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, கண்ணில் தூசி என்றாள். அன்றைக்குக் காற்றே இல்லை.

சீக்கிரம் மீதியை அனுப்பு. நோட்டு ஒன்று வாங்கி நீ அனுப்புவதை அதில் அழகாக எழுதி வைக்கிறேன். ஒன்று கேட்க மறந்தேன். உன் கவரை இவ்வளவு நேராக யார் ஒட்டுகிறார்கள்? நீ எதையும் நேராக ஒட்டி நான் பார்த்ததில்லை.

அக்கா,
பவுனு


சேசு மரி சூசை
புதுச்சேரி
21-7-1963

என் பவுனக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் நைனா சுகத்துக்கும் தினம் ஜெபிக்கிறேன். குஞ்சம்மாள் அத்தைக்கு என் தோத்திரம் சொல். கவர் விஷயத்தை விடு.

எட்டுப் பக்கம் இத்துடன் இருக்கிறது. அதில் ஐந்தாம் பக்கத்தை நிதானமாகப் படி. கொர்தூலாள் எழுதுகிறாள்: "கோயிலில் என்னைக் கடைசியில் நில் என்றார்கள். நின்றேன். திரும்பிப் பார்த்தால் எனக்கும் பின்னால் ஆண்டவர் நின்றிருந்தார். நீர் ஏன் இங்கே நிற்கிறீர் என்றேன். வரிசை இங்கேதான் தொடங்குகிறது என்றார்."

இதைப் பிரெஞ்சில் படித்தபோது சிஸ்டர் ஒதீல் தூங்கவில்லை. மறுபடி படி என்றார். மூன்று தடவை படித்தேன்.

இந்த வரிகள் அந்த ஊர்ச் சாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் காதுக்குப் போயின. கம்பளி அலசுகிறவளுக்கு ஆண்டவர் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும், சொன்னாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாரா என்பது அவருடைய வழக்கு. விசாரணைக்கு அழைத்தார். "என்னிடம் சொன்னதை உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அவரைத்தான் கேட்க வேண்டும்" என்றாளாம் கொர்தூலாள். அதுவரைதான் எழுதியிருக்கிறேன்.

இங்கே மழை இல்லை. கிணறு கீழே போய்விட்டது.

தைலு


கல்லேரிமேடு, செஞ்சி
18-8-1963

அருமைத் தைலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்றால் சாதாரண சுகம் இல்லை. உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை மாதா மோட்சத்துக்குப் போன திருநாள். நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். பெரிய தெருக்காரர்கள் முதலில் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதிக்குப் போய் முட்டி போட்டு நாக்கில் நன்மை அப்பம் வாங்குவார்கள். அவர்கள் கடைசி ஆள் எழுந்து திரும்பி உட்கார்ந்த பிறகுதான் நாம் போகலாம். அன்றைக்கு மணி அடித்ததும் குஞ்சம்மாள் எழுந்தாள். பின்னாலேயே நான், என் பின்னால் பதினோரு பேர். நேராகப் போய்க் கிராதியில் முட்டி போட்டோம். பெரிய தெருப் பெண்கள் இரண்டு பேர் எங்கள் பக்கத்திலிருந்து எழுந்து போனார்கள். இடம் தாராளமாயிற்று.

சாமியார் எங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். நாங்கள் எழவில்லை. அந்தப் பக்கம் முழுக்கக் கொடுத்து முடித்து நின்றார். நாங்கள் எழவில்லை. கடைசியில் திரும்பி வந்து கொடுத்தார். எனக்கு வாயில் நன்மை எப்போதும் போலத்தான் இருந்தது, ஆனால் முட்டி வலிக்கவே இல்லை.

இத்தனை வருஷம் கோயில் பின்பக்கம் மல்லாட்டை மூட்டை மாதிரி கிடந்தோம், தைலு. மூட்டைக்குக் கால் முளைத்துவிட்டது என்று அன்றைக்குத்தான் சாமியாருக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் உபதேசியார், "யாரு உங்களுக்கு இந்த புத்திய குடுத்தது?" என்று கேட்டார். குஞ்சம்மாள் சொன்னாள்: "கொர்தூலா. உங்களுக்குத் தெரியாது, எங்க சொந்தம்."

எல்லாம் உன் எழுத்தால் வந்தது. மற்ற வீட்டில் பெண்ணைப் படிக்கவைத்தால் கடிதம் எழுதுவாள், என் தங்கை கோயிலையே திருப்பிவிட்டாள். விசாரணையில் அப்புறம் என்ன ஆயிற்று? தெருவே கேட்கிறது.

அக்கா,
பவுனு


கல்லேரிமேடு, செஞ்சி
22-9-1963

அன்புத் தைலுவுக்கு,

சுகமா? ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. உனக்குக் காய்ச்சலா? சிஸ்டர் ஒதீலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நைனா தினம் தபால்காரரை வழிமறிக்கிறார். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை படிக்கப் புதிதாக ஒன்றும் இல்லை என்பதால் பழையதையே படிக்கிறோம். யாருக்கும் அலுக்கவில்லை. கிராதிக்கு ஒவ்வொரு வாரமும் முதலிலேயே போகிறோம். முடிவு தெரியாமல் பெண்கள் என்னைத் தின்கிறார்கள். ஒரு வரி எழுது. சுகம் என்று மட்டுமாவது எழுது.

பவுனு


சேசு மரி சூசை
கன்னியர் மடம், புதுச்சேரி
6-10-1963

பவுனம்மாளுக்கு,

ஆசீர்வாதம். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

நான் அனுப்பிய பக்கங்கள் திருச்சபையின் அனுமதி பெறாதவை. அவற்றை மொழிபெயர்த்தது என் அகந்தையால் நேர்ந்த பிழை. அவை எளிய ஆத்துமாக்களுக்குக் கேடு விளைவித்ததாக அறிகிறேன். ஆகவே அந்த நோட்டையும் பக்கங்களையும் எரித்துவிடும்படி, அல்லது பங்குச் சாமியாரிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மூத்தவர்களுக்குக் கீழ்ப்படிந்து நடக்கவும்.

சமையற்கட்டு வேலை அதிகமாக இருப்பதால் இனி அடிக்கடி எழுத இயலாது.

சிஸ்டர் மரி பெனுவா


கல்லேரிமேடு, செஞ்சி
13-10-1963

தைலு,

நான் சுகமாக இல்லை. பொய் எழுத வரவில்லை.

அந்தக் கடிதம் வந்த மறுநாளே சாமியார் உபதேசியாரோடு நம் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் நம் தெருவுக்குள் அவர் காலடி வைத்தது சாவுக்கு மட்டும்தான். நோட்டைக் கொடு என்றார். இல்லை என்றேன். அப்போது அவர் சொன்னார், "மூட்டைக்குக் கால் முளைச்சிடுச்சின்னு எழுதினியாமே?"

அது நான் உனக்கு மட்டும் எழுதிய வார்த்தை. நேரான கோந்து எவருடையது என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் மடத்தில் வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் மதர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று நீ ஒரு தடவை கூடச் சொல்லவில்லையே. சொல்ல முடியாமல்தான் கவர் விஷயத்தை விடு என்றாயா? நான் ஒரு மடச்சி. பெருமை பீற்றிக்கொள்ள எழுதி உன் கழுத்தில் கயிற்றை நானே மாட்டினேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. மதர் அம்மா, இதை முதலில் நீங்கள்தான் படிக்கிறீர்கள், அதனால் உங்களுக்கும் தோத்திரம், உங்கள் சுகத்துக்கும் விசாரிப்பு. மடத்தில் வைத்த பெயரைப் போட்டு வந்த போன கடிதம் என் தங்கை கையெழுத்துதான், பேச்சு அவளுடையது இல்லை. அவள் பிறந்ததிலிருந்து என்னை நீங்கள் என்று சொன்னதில்லை. நோட்டை எரிக்கமாட்டேன். அது செஞ்சிக் கடைத்தெருவில் சாந்திராஜ் நயினார் ஜவுளிக்கடையில் துணிக்கட்டுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. அவர் கடைக்குத்தான் நான் ரவிக்கை தைக்கிறேன். "எங்க சமணத்துல ஏட்டுச் சுவடிக்கு பூசையே உண்டு, எரிக்கறதுக்கு நான் இடம் குடுக்கமாட்டேன்" என்றார் அவர். சாமியார் போய்க் கேட்கட்டும்.

பவுனம்மாள்


கன்னியர் மடம், புதுச்சேரி
28-10-1963

திருமதி பவுனம்மாள் அறியவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் நலத்துக்காக ஜெபிக்கிறோம். தங்கள் சகோதரி நல்ல உழைப்பாளி. இம்மடத்தில் அவருக்கு எவ்விதக் குறையும் வைக்கப்படவில்லை.

அவர் மொழிபெயர்த்தவற்றில் தவறு உண்டென்றும், அவற்றைப் பரப்பியது பாவமென்றும் ஒரு காகிதத்தில் கையொப்பமிடுமாறு சொல்லியிருக்கிறோம். அவர் கையொப்பமிட்டு, தாங்களும் நோட்டை ஒப்படைத்தால், டிசம்பர் எட்டாம் நாள் வார்த்தைப்பாடு தடையின்றி நடைபெறும். இல்லையேல் அவர் வீடு திரும்ப நேரிடும். திரும்பிய பெண்ணைத் தங்கள் ஊர் எவ்வாறு பேசும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. தங்கள் தந்தையின் வயதையும் நினைத்துப் பார்க்கவும்.

மடத்துத் தலைவி


கல்லேரிமேடு, செஞ்சி
3-11-1963

தைலுவுக்கு, (மதர் அம்மாவும் படிக்கலாம்)

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? இங்கே நைனா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மதர் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "கையெழுத்துதான கேக்கறாங்க, போட்டுட்டுப் போவட்டும். எம் பொண்ணு மடத்துல இருக்கான்னுதான் மண்டியில என்னை ஒரு ஆளா மதிக்கறாங்க" என்றார். திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

என் வீறாப்பை நானே காட்டிக்கொள்ள உன் வாழ்க்கையைக் கேட்கமாட்டேன். பன்னிரண்டு வயதில் சாமிக்குப் போகிறேன் என்று நீ அடம்பிடித்தது எனக்கு மறக்கவில்லை. உனக்கு அந்த மடம் வேண்டுமென்றால் சொல். நயினார் கடைக்குப் போய் நோட்டை எடுத்து நானே சாமியார் காலடியில் வைத்துவிடுகிறேன். பெண்கள் என்னைக் காறித் துப்பட்டும். உன் பேச்சில் எழுது. என்னை நீ என்று கூப்பிட்டு எழுது. அதுதான் எனக்கு அடையாளம்.

பவுனு


புதுச்சேரி
20-11-1963

பவுனக்கா,

நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். இதைக் கோணலாக நானே ஒட்டியிருக்கிறேன். சமையற்கட்டுக்குக் கீரை கொண்டுவரும் மீனம்பாள் தபாலில் போடுவாள். பதிலை அவள் விலாசத்துக்கு எழுது, கீழே இருக்கிறது.

நோட்டைக் கொடுக்காதே. இனி கேட்காதே, கொடுக்காதே.

கொர்தூலாள் முடிவை நான் எழுதாமல் இழுத்தேன். ஜூலையிலேயே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை. இப்போது சொல்கிறேன், தெருவுக்கும் இப்படியே படி, கூட்டாதே, குறைக்காதே.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள், அக்கா. சந்தைத் திடலில் எல்லோர் முன்னாலும் முட்டி போட்டு, எனக்கு ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் என் கற்பனை என்ற காகிதத்தில் போட்டாள். தன் புத்தகத்தைத் தன் கையாலேயே தீயில் போட்டாள். அப்புறம் ஒரு மடத்து அடுப்படியில் பதினோரு வருஷம் பாத்திரம் தேய்த்துச் செத்தாள். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு வரி எழுதவில்லை. மனம் திரும்பி நல்ல மரணம் அடைந்தாள் என்று புத்தகம் முடிகிறது. அவள் தெருப் பெண்களில் யாரோ ஒருத்தி ஒரு பிரதியை ஒளித்து வைத்திருந்ததால்தான் மீதி நம் கைக்கு வந்தது. அவளுடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மதர் என் முன்னால் காகிதத்தை வைத்தபோது எனக்குக் கொர்தூலாள்மேல் கோபம்தான் வந்தது. ஆண்டவரை நேரில் பார்த்தவளே போட்டுவிட்டாளே, அடுப்படிக்காரி நான் எம்மாத்திரம் என்று பேனாவை எடுத்தேன். முதல் எழுத்து வரை போனேன். அப்போது குஞ்சம்மாள் அத்தை கிராதியில் முட்டி போட்டு எழாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. அதைத் தவறு என்று நான் எழுத வேண்டும். முடியவில்லை, அக்கா. பேனாவை வைத்துவிட்டேன். நாலு வாரமாகத் தினம் கேட்கிறார்கள், தினம் இல்லை என்கிறேன்.

வரும் வியாழக்கிழமை 28ஆம் தேதி, எல்லோரும் காலைப் பூசையில் இருக்கும் நேரத்தில், சாதாரணச் சேலை கட்டி அடுப்படி வாசல் வழியாக அனுப்பிவிடுவார்களாம். யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வெளியேறுகிறவளை அனுப்பும் வழக்கம் அப்படித்தான். சிஸ்டர் ஒதீலிடம் கூடச் சொல்ல முடியாது. ஆண்டவரை நான் இன்னும் விடவில்லை. நைனாவை நினைத்தால்தான் கவலை. அவர் மண்டியில் எப்படித் தலை நிமிர்வார்?

உன் தைலு


கல்லேரிமேடு, செஞ்சி
24-11-1963

என் தைலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கோணல் கோந்தைப் பார்த்தே அழுதுவிட்டேன்.

இன்றைக்கு மத்தியானம் கடைசிப் பக்கத்தை நீ எழுதியபடியே படித்தேன். கையெழுத்துப் போட்டாள் என்ற இடம் வந்தது. தெருவே அவளை இனித் திட்டும் என்று நினைத்தேன். குஞ்சம்மாள்தான் கேட்டாள்.

"அன்னிக்கு அந்த திடல்ல அவ பக்கத்துல யார் நின்னா?"

"யாரும் இருந்ததா எழுதல."

"அவ தெரு பொம்பளைங்க?"

"எழுதல."

"அப்ப போடத்தான் போடுவா. ஒத்தை ஆளா நின்னா யார்தான் போட மாட்டா? அவளைக் குத்தம் சொல்லாதீங்கடி."

நான் கேட்டேன், "எங்க தைலு ஒத்தை ஆளாத்தான நின்னா. அவ போடலியே?"

குஞ்சம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "அதான் போறோம்" என்றாள்.

பதின்மூன்று பேரும் வருகிறோம், தைலு. புதன்கிழமையே பஸ் ஏறி மீனம்பாள் வீட்டுத் தெருவில் தங்குவோம். வியாழக்கிழமை மற்றவர்களைப் பூசைக்கு அனுப்பிவிட்டு உன்னை அடுப்படி வாசலுக்குக் கூப்பிட்டால் போகாதே. உட்கார்ந்த இடத்திலேயே இரு. பூசை முடிந்து சிஸ்டர்களும் போர்டிங் பிள்ளைகளும் வெளியே வரும் நேரம் பார்த்து முன்வாசல் மணியை அடிப்போம். எல்லோர் கண் முன்னாலும் சிஸ்டர் ஒதீலிடம் போய்ச் சொல்லிக்கொண்டு, பெரிய கேட் வழியாக வா. யார் வந்திருப்பது என்று கேட்டால் தைலம்மாள் வீட்டு ஆட்கள் என்போம்.

நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். கதவோரம் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சாயந்திரம் மண்டிக்குப் போய் வியாழக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி நைனா சொன்னாராம், "எம் பொண்ணு எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டா. அவ பெட்டிய தூக்கியாறணும்."

உன் அக்கா,
பவுனு